சொல்லாமல் விட்டுவந்த வேலை

போன கிழமை எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். கெல்லி என்ற பெண் வேலையை விட்டுப் போகிறாள். தூரத்துக்கு ஒன்றும் அல்ல, அதே வீதியின் மற்ற முனையில் இருக்கும் இன்னொரு முதியோர் இல்லத்துக்குத்தான். அங்கே சம்பளம் கூட, சனி ஞாயிறு லீவு. எங்கள் மனேஜரே கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மேசையில் பெரிய வாழ்த்து மட்டை ஒன்று கிடந்தது. அதன் முகப்பில் "ஸொறி யூ ஆர் லீவிங்" என்று அச்சடித்திருந்தது. என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனையை நீட்டினார்கள்.

இங்கிலாந்தின் இந்த வடகரை நகரத்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வந்த முதல் மாதத்தில் இப்படி ஒரு மட்டையைப் பார்த்தபோது, ஸொறி என்றால் வருத்தம் என்றும் அர்த்தம் என்று தெரியாமல், இருக்கிறவர்கள் போகிறவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். போகிறவளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், என் அரைகுறை இங்கிலீஷில், "உனக்கு இவர்கள் என்ன பிழை செய்தார்கள்?" என்று கேட்டேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். என் தோளில் கை வைத்து, "உன்னை யாராவது மோசமாக நடத்துகிறார்களா? என்னிடம் பயப்படாமல் சொல்லலாம்" என்றாள். இல்லை, இல்லை என்று நான் தலையாட்ட, அவளுக்கு என் மேல் இரக்கம் இன்னும் கூடியது. அன்று அவளுக்கு நான் விளக்க நினைத்தது வேறு. நல்ல சம்பளத்துக்காக ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவள் நானும். எனக்கு யாரும் கேக் வெட்டவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவளும் நான்தான்.

இதை எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லீவில் திருகோணமலைக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல வெளியே வந்து நின்று வாசிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீதி கேட்டு அல்ல.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில், பழைய பண்டகசாலைகளுக்குப் பக்கத்தில், சிறிய இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. நான்கு மெஷின்கள், நான்கு சாய்வுக் கதிரைகள். யன்னலைத் திறந்தால் கப்பல்களின் டீசல் மணம் வரும். கிண்ணியாவைச் சேர்ந்த டொக்டர் ஒருவர், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்ற பிறகு அதைத் தொடங்கியிருந்தார். அவருடைய மூத்த சகோதரிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை கண்டிக்கு பஸ்ஸில் போய் வந்து, கடைசியில் அந்த பஸ்ஸிலேயே இறந்துபோனாராம். அதைப் பற்றி டொக்டர் ஒரேயொரு தடவைதான் எங்களுக்குச் சொன்னார்.

தாதியான என்னைக் கொழும்புக்கு அனுப்பி, இந்தச் சிகிச்சையில் ஆறு மாதம் பயிற்சி தந்தவர் அவர். திரும்பி வந்ததும் மூன்று வருட ஒப்பந்தம். இரண்டு பக்கம், தமிழில். இடையில் விலகுவதென்றால் மூன்று மாதத்துக்கு முன் சொல்லவேண்டும், அவர் என்னை நிறுத்துவதென்றாலும் அதே மூன்று மாதம். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியாக வாசித்து, "விளங்கினதா மகள்?" என்று கேட்டார். விளங்கியது என்றேன். புலம்பெயர்ந்தவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் எல்லோரிடமும் ஒரு கெட்ட முதலாளியின் கதை இருக்கும். பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்தவன், சாப்பாடு தராதவன். அவர்கள் ஓடி வந்ததை யாரும் பிழை சொல்ல முடியாது. என்னிடம் அப்படி ஒருவர் இல்லை. என்னுடைய முதலாளி நல்ல மனிதர். ஒப்பந்தமும் நியாயமானது. அங்கேதான் எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் போகிறது.

பயிற்சி பெற்ற தாதிகள் அங்கே இரண்டு பேர்தான். நானும் றிஸ்வானாவும். சிறுநீரகம் செயலிழந்தவரின் கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் சத்திரசிகிச்சை செய்து இணைத்திருப்பார்கள். பிஸ்டியுலா என்போம். அதில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, ஒன்றால் இரத்தத்தை எடுத்து, மெஷினில் கழுவி, மற்றதால் உடம்புக்குத் திருப்பி அனுப்பவேண்டும். நான்கு மணித்தியாலம். ஊசி பிழைத்தால் கை பந்து மாதிரி வீங்கும். சிலருடைய கைகள் எல்லோருக்கும் படியாது. அந்தோனி அண்ணையுடைய கை அப்படிப்பட்டது. அவர் முந்தி மூதூருக்கு லோஞ்ச் என்னும் பயணிகள் படகு ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயது. அவருடைய நாளம் ஆழத்தில் வளைந்து வளைந்து ஓடும். நான் வர முதல் இரண்டு தடவை அதில் ஊசி பிழைத்து, பல நாள் கறுத்துக் கிடந்ததாம். என்னிடம் ஒருநாளும் பிழைக்கவில்லை. என்ன மாயம் என்று எனக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுவேன். அவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். "மிஸ், கொட்டியாரக் குடாவில கச்சான் காத்து அடிச்சா லோஞ்சு ஒரு பக்கமாத்தான் போகும். அப்ப சனத்தை எல்லாம் மற்றப் பக்கம் இருத்துவன். சில பேர் சண்டைக்கு வருவினம்." சொல்லி முடிக்க முன் இரண்டு ஊசியும் போயிருக்கும். ஊரில் தாதியை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒரு தடவைகூட என்னை நீ என்று சொன்னதில்லை.

பிறகு நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் வந்தது. அந்தக் காலத்தை ஊரில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மெஷின் ஓடும்போது கரண்ட் போகும். ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. கரண்ட் நின்றால் இரத்தம் குழாயில் கட்டிவிடும். அதனால் மெஷினின் பக்கத்தில் இருக்கும் கைபிடியைச் சுற்றிச் சுற்றி, நோயாளியின் இரத்தத்தை அவருக்கே திருப்பி அனுப்பவேண்டும். நான் ஒன்று, றிஸ்வானா ஒன்று, டொக்டர் ஒன்று, நான்காவதை வாசலில் நிற்கும் காவலாளி சுற்றுவார். டொக்டருக்கு எழுபது வயது. சேர்ட் முதுகோடு ஒட்டிப்போய் இருக்கும். நோயாளிகள் சாம்பல்தீவிலிருந்தும் சம்பூரிலிருந்தும் சைக்கிளில் இருத்தப்பட்டு வந்தார்கள். ஒருவரை வாழைக்குலை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கொண்டுவந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பு ஏஜென்சி ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்தில் முதியோர் இல்லம், ஐந்து வருட விசா. மூன்று கிழமைக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. நான் விண்ணப்பித்ததை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. என் ஒப்பந்தத்தில் ஒரு வருடமும் ஐந்து மாதமும் மிச்சம் இருந்தன. றிஸ்வானா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய பிரசவ லீவுக்கு நான்தான் நின்று சமாளிப்பேன் என்று டொக்டர் நம்பியிருந்தார்.

யுத்தத்தின்போது சம்பூரில் இருந்து ஒரேயொரு பையோடு ஓடி வந்த குடும்பம் நாங்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. காணி திரும்பக் கிடைத்து, அதில் அம்மா கிணறு இறைத்து, மிளகாய் நட்டு, இனி ஓடத் தேவையில்லை என்று நினைத்திருந்தபோது மறுபடி எல்லாம் ஆட்டம் கண்டது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எது முதலில் இடிந்து விழும் என்று தெரியாத பயம். இந்த முறை இடிய முன்பே வெளியே நிற்கவேண்டும் என்று நினைத்தேன். டொக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தடுத்திருக்க மாட்டார். "மூன்று மாதம் மட்டும் நில்லுங்க மகள்" என்று கேட்டிருப்பார். நானும் நின்றிருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

கொழும்பில் உறவினர் வீட்டு விசேஷம், இரண்டு நாள் லீவு என்று கேட்டேன். உடனே தந்தார். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தோனி அண்ணையுடைய முறை. ஊசி குத்தி, நான்கு மணித்தியாலம் முடிந்து, ஊசியைக் கழற்றி, இரத்தம் நிற்கும் வரை பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். வழக்கமாகப் பத்து நிமிடம். அன்று அதற்கு மேலும் அழுத்திப் பிடித்திருந்தேன் போல. "மிஸ், இரத்தம் எப்பவோ நிண்டிட்டுது" என்று சிரித்தார். அவருடைய மனைவி பிலோமினா அக்கா அவருக்கு சேர்ட்டை மாட்டிவிட்டா. அந்தோனி அண்ணை வாசலில் நின்று திரும்பி, "செவ்வாய்க்கிழமை நீங்கள்தானே மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

சூட்கேஸ் ஏற்கெனவே கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் டொக்டரின் நம்பர் பலமுறை வந்து வந்து நின்றது. நான் எடுக்கவில்லை. இங்கே வந்து இறங்கியதும் புது சிம் போட்டேன். ஒரு கிழமை கழித்து ஒரேயொரு செய்தி அனுப்பினேன்: மன்னிக்கவும் டொக்டர், திரும்பி வரமாட்டேன். பதில் வரவில்லை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு றிஸ்வானாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்து, வேலை முடித்து பஸ்ஸில் இருந்தபடி கேட்டேன். அவள் திட்டவில்லை. "அந்தோனி அண்ணன் மௌத்தாயிட்டார். ஊசி போகல்ல, கை வீங்கிட்டுது. பெரியாஸ்பத்திரியில கழுத்தில குழாய் போட்டவங்க. அதால கிருமி ஏறிட்டுது. உங்களுக்குச் சொல்லணும் எண்டு நினைச்சன்." அவர் இறந்த செய்தி அவ்வளவுதான். பின்னால் மெஷின்களின் சத்தம் கேட்டது. ஒன்பதாவது மாதத்திலும் அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போனது. பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றதும் சாரதி எழுந்து வந்து என்னவோ கேட்டார். "அந்தக் கைக்கு வேறு ஆள் இல்லை" என்று நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, லைட்டை அணைக்காமல் கொஞ்ச நேரம் என்னை இருக்கவிட்டார்.

இங்கே அறிமுகமான தமிழர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். "தங்கச்சி, நாடே எங்களோட செய்த ஒப்பந்தத்தை முறிச்சுப்போட்டுது. கரண்ட் இல்லை, டீசல் இல்லை. நீங்கள் மட்டும் ஏன் கட்டுப்பட்டு நிக்கோணும்?" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் கதிரையில் கையை நீட்டிக்கொண்டு இருந்தது நாடு அல்ல. இன்னொன்றும் யோசிப்பேன். அந்த இரண்டு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் டொக்டரும் நானும். நான் முறித்ததற்காக வழக்குப் போடும் உரிமை அவருக்கு இருந்தது, அவர் போடவில்லை. அந்தோனி அண்ணையின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அவருக்கு வழக்குப் போட ஒன்றுமே கிடையாது. நல்ல இடம் கிடைத்தால் மனிதர் போகத்தான் செய்வார்கள். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கணக்கில் கெல்லி செய்ததும் நான் செய்ததும் ஒரே காரியம் அல்ல, அவ்வளவுதான்.

இங்கே தாதியாகப் பதிவு செய்ய, முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இரண்டு வருடம் அதைத் தள்ளிப்போட்டேன். கடைசியில் டொக்டருக்கு ஈமெயில் எழுதினேன். மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"மகள், நான் டொக்டர் கதைக்கிறன். சுகமா இருக்கிறீங்களா?"

"ஓம் டொக்டர்."

"கடிதம் எழுதிட்டன். வாசிக்கிறன், கேளுங்க."

வரி வரியாக வாசித்தார். எத்தனை மாதம் வேலை செய்தேன், என்ன பயிற்சி. பிறகு, நாற்பது வருடத்தில் தான் கண்ட மிகத் திறமையான கை இவருடையது என்று ஒரு வசனம். அதற்கு அடுத்த வசனம், முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் சென்றார்.

"டொக்டர், அந்தக் கடைசி வசனம் இல்லாம எழுத ஏலாதா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் வந்தது.

"எழுத ஏலும் மகள். அப்ப அதுக்கு முன்னுக்கு இருக்கிற வசனத்தையும் ஆர் நம்புவாங்க?" கோபம் இல்லாமல்தான் சொன்னார். "அனுப்பட்டா?"

அனுப்புங்கள் என்றேன். வந்தது. இன்றுவரை அதை நான் எங்கேயும் சமர்ப்பிக்கவில்லை.

லீவில் போனபோது அம்மாவுக்குச் சொல்லாமல் பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். துறைமுகச் சுவருக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. என்னைக் கண்டதும் அவ திகைத்தா. பிறகு கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னா. பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்தா. நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருக்க, அவவே சொன்னா.

"செவ்வாய்க்கிழமை வெள்ளனவே வெளிக்கிட்டவர். றிஸ்வானா மிஸ் எவ்வளவோ கெஞ்சினவ. கையைக் குடுக்கேல்ல. 'மிஸ் வருவா, எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவ' எண்டு அந்தக் கதிரையிலேயே மூண்டு மணித்தியாலம் இருந்தவர். பிறகு வீட்டை வந்திட்டார். வெள்ளிக்கிழமை மூச்சு விடேலாமத்தான் கொண்டுபோனனாங்கள். அந்த அவதிக்குள்ளதான் ஊசி பிழைச்சது."

இது எனக்குத் தெரியாது. றிஸ்வானா இதைச் சொல்லவில்லை. மூன்று வருடமாக நான் என்னை மன்னித்துக்கொள்ள வைத்திருந்த வாசல் ஒன்றே ஒன்று: நான் நின்றிருந்தாலும் ஒருநாள் ஊசி பிழைத்திருக்கலாம். அதுவும் அந்த இடத்தில் மூடிக்கொண்டது.

"அக்கா, நான்..."

"நான் உங்களில பிழை சொல்லேல்ல. நடந்ததைச் சொன்னனான். ரீ ஆறுது, குடியுங்கோ."

குடித்தேன். அவ என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கட ஜெனிற்றாவுக்கும் அங்க ஒரு வேலை பாத்துச் சொல்லேலுமே?" என்று கேட்டா.

ஜெனிற்றா அவவுடைய ஒரே மகள். தகப்பன் இறந்த பிறகு அதே நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்து, டொக்டர் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்து, இப்போது அங்கே ஊசி குத்துவது அவள்தான்.

"அவவுக்கு அக்ரிமென்ற் இருக்குமே அக்கா?"

"இன்னும் ஒரு வருசம் கிடக்கு. உங்களுக்கும் இருந்ததுதானே." அதில் குத்தல் இல்லை. இந்த பஸ் நிலாவெளிக்குப் போகுமா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது.

"அவவும் வந்திட்டா, அங்க இருக்கிறவைக்கு ஆர் ஊசி குத்துறது?"

பிலோமினா அக்கா யோசிக்கவே இல்லை. "அதை நான் ஏன் பாக்கோணும்? என்ர மனுசன் போட்டார். இனி என்ர பிள்ளையை நான் பாக்கோணும்."

விசா வந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயமும் ஏறக்குறைய இதே சொற்கள்தான். அதை அவவின் வாயால் கேட்டபோது மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த நேரம் ஜெனிற்றா வேலை முடித்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். தகப்பனின் நெற்றி.

"அங்கயும் டயலிசிஸ்தானே செய்யிறனீங்கள் மிஸ்?"

"இல்லை. இன்னும் பதிவு கிடைக்கேல்ல."

"அப்ப?"

"வயசானவையைக் குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்திறது, சாப்பாடு தீத்திறது."

அவள் என் கைகளைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாய் ஏதோ கேட்க, குசினிக்குள் பாத்திரம் வைக்கும் சத்தம்தான் பதிலாக வந்தது. அவள் வருவாளா, மாட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யாருடைய நம்பரும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் நிலையத்துக்குப் போனேன். டொக்டரிடம் நேரில் ஒரு சொல் சொல்லாமல் விமானம் ஏற முடியாது என்று தோன்றியது. அவர் மத்தியான லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வாங்கில் இருக்கச் சொன்னார்கள். எனக்கு இருக்க முடியவில்லை. எழுந்து சிகிச்சை அறையின் வாசல்வரை போனேன். அதே நான்கு கதிரைகள். மெஷின்கள் பழசாகியிருந்தன. கிட்ட இருந்த கதிரையில் வெருகல் பக்கத்திலிருந்து வரும் முதியவர் ஒருவர். என் காலத்திலும் வந்தவர். இப்போது பார்வை மங்கிவிட்டது என்பது அவர் தலையைச் சாய்த்துப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

"ஆர், பழைய மிஸ்ஸோ?"

"ஓம் ஐயா."

"வந்திட்டீங்களே!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. சேர்ட் கையைச் சுருட்டி, பிஸ்டியுலா இருந்த இடது கையை என் பக்கம் நீட்டினார். "நல்லதாப் போச்சு. குத்துங்கோ."

நான் வாசற்படியில் நின்றேன். அந்தக் கையைத் தொட எனக்கு அங்கே அனுமதி இல்லை. இங்கிலாந்திலும் அப்படி ஒரு கையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அவர் கையை எடுக்கவில்லை. நீட்டியபடியே காத்திருந்தார். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனிற்றா, கையுறை போட்டு, ஊசித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"மிஸ், கொஞ்சம் விலகுங்கோ."

அவள் உள்ளே போவதற்கு இடம்விட்டு, கதவு நிலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.